நியூ வேவ் பாட்டுக்கு நையாண்டிப் பாட்டு: மெட்டு பிடிப்பதிலிருந்து வெளியிடுவது வரை

நியூ வேவ் என்ற ராக் வகைப் பாட்டைக் கிண்டல் செய்யக் கிளம்புகிற புதியவர்கள் பெரும்பாலும் குரலிலேயே கோமாளித்தனத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். மூக்கால் பாடுவது, நடுவில் சிரிப்பது, சின்த் கீபோர்டில் பொம்மைச் சத்தம் போடுவது. இருபது நொடிக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். 1970களின் கடைசியிலும் 80களின் முற்பாதியிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த அந்தப் பாட்டுகளே பாதி விறைப்பு, பாதி நக்கல். பாடுகிறவர் முகம் கல் மாதிரி இருக்கும், வரி மட்டும் கிறுக்குத்தனமாக ஓடும். அதன் மேல் நீங்களும் சேட்டை செய்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே இசையும் குரலும் மூலப்பாட்டைப் போலவே முறுக்காக நிற்க வேண்டும். சிரிப்பு முழுவதும் வரிகளிலிருந்துதான் வர வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

என்னென்ன வேண்டும்

ஒரு கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், அதற்கு ஒரு பாப் ஃபில்டர் (வாய்க் காற்றின் அடியைத் தடுக்கும் வலை), காதை மூடுகிற ஹெட்போன். பதிவு செய்ய ரீப்பர் என்ற மென்பொருள் போதும். 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. ஆடாசிட்டி குரலை வெட்டி ஒட்ட நல்லது, ஆனால் டிரம்ஸும் சின்த்தும் நோட்டு நோட்டாக எழுதி அடுக்குகிற வேலைக்கு அது தோதுப்படாது. சின்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்டு ஆகிய இரண்டு பிளக்-இன்களும் இலவசம். கோரஸ் எஃபெக்டுக்கு (ஒலியை இரட்டித்து லேசாக அலைபாய வைப்பது) டால்-கோரஸ்-எல்எக்ஸ் இருக்கிறது. ரோலண்ட் ஜூனோ-60 கருவியின் கோரஸைப் பின்பற்றிச் செய்தது, அதுவும் இலவசம். கிடார் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் வேலை பாதியாகிவிடும்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்குப் பிடித்த பாட்டு என்பது தகுதியே அல்ல. மூன்று விஷயம் பாருங்கள். முதல் நாலைந்து நொடியிலேயே கேட்பவர் "அட, இந்தப் பாட்டா!" என்று பிடித்துவிட வேண்டும். பல்லவியில் ஒரே ஒரு சின்னச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வர வேண்டும். மூலவரிகள் காதில் தெளிவாக விழ வேண்டும். முணுமுணுப்பாகப் பாடிய பாட்டில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்றே யாருக்கும் தெரியாது.

தி நேக் குழுவின் 'மை ஷரோனா' (1979) இந்த மூன்றிலும் தேறுகிறது. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தொடங்கும், பேஸ் வந்து ஒட்டும், பிறகு கிடார். ஒரு சொல் பாடுவதற்கு முன்பே பாட்டு தெரிந்துவிடும். அதே ஆண்டு, பின்னாளில் நையாண்டிப் பாட்டுக்கே பெயர்பெற்ற 'வியர்டு அல்' யாங்கோவிக் என்ற கல்லூரி மாணவர் கலிஃபோர்னியாவில் தன் கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த குளியலறையில் அக்கார்டியனை வைத்துக்கொண்டு அதை 'மை பொலோனா' என்று பாடிப் பதிந்தார். குளியலறை எதற்கு? ஓடு பதித்த சுவர் குரலுக்கு இலவசமாக எதிரொலி தரும். மூலக்குழுவின் பாடகருக்கே அது பிடித்துப்போய், அவர் சொல்லி கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனம் அதை சிங்கிளாக வெளியிட்டது.

அடுத்து, எந்த வழி என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாம் குழம்பும்.

நேரடி நையாண்டியில் மெட்டு அப்படியே, வரி மட்டும் புதிது. புதியவர்களுக்கு இதுதான் சரி, இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதே. இன்னொரு வழி பாணி நையாண்டி: ஒரு குழுவின் எல்லாப் பாட்டுகளிலிருந்தும் பழக்கங்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் எழுதாத ஒரு புதுப்பாட்டைச் செய்வது. டீவோ என்ற அமெரிக்க நியூ வேவ் குழுவை வைத்து யாங்கோவிக் 1985இல் செய்த 'டேர் டு பி ஸ்டுப்பிட்' இதற்குப் பாடப்புத்தகம். வெட்டி வெட்டி வரும் சின்த், கட்டளை மாதிரி ஒலிக்கும் வரிகள், தொண்டை இறுகிய குரல், ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வது என்று டீவோவின் எல்லாக் குணமும் அதில் உண்டு. ஆனால் எந்த ஒரு பாட்டின் மெட்டும் இல்லை. அதைக் கேட்ட டீவோவின் மார்க் மதர்ஸ்பா, தான் கேட்டதிலேயே மிக அழகானது அதுதான் என்றும், அதற்காகவே இவரை வெறுப்பதாகவும் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் சொன்னார். இசைத் திறமை நிறைய கேட்கும் வழி இது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

படி 2: பொருள்

பொருள் பிடிக்க இரண்டு வாசல் உண்டு. ஒன்று ஓசை: 'ஷரோனா'வுக்கு 'பொலோனா'. அமெரிக்காவில் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் மலிவான இறைச்சித் துண்டின் பெயர் அது. காதல் வெறி அப்படியே இறைச்சி வெறியாகிறது. மற்றொன்று சொல்லை மாற்றாமலே பொருளை மாற்றுவது. கிரெக் கீன் குழு 1983இல் 'ஜெப்பர்டி' என்று ஒரு பாட்டுப் பாடியது. ஆபத்தில் இருக்கும் காதல் பற்றியது. அடுத்த ஆண்டே யாங்கோவிக் அந்தச் சொல்லை அதே பெயருள்ள தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு, அதில் தோற்றுப்போனவனின் புலம்பலாக மாற்றினார். கிரெக் கீனே அந்த வீடியோவில் வந்து போகிறார்.

எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரு சோதனை. பொருளை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள்: "காதலிக்காக உருகுகிற மாதிரி ஒருவன் சமோசாவுக்காக உருகுகிறான்." கேட்பவர் உடனே இரண்டு மூன்று வரி தானாகச் சொல்லத் தொடங்கினால் பொருள் ஓடும். "சரி, அப்புறம்?" என்றால் பல்லவியோடு படுத்துவிடும். 'அரசியல்', 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' போன்ற பெரிய பொருள்கள் நூற்றுக்குத் தொண்ணூறு படுத்துவிடுகின்றன. ஒரே ஒரு பண்டம், ஒரே ஒரு பழக்கம், ஒரே ஒரு எரிச்சல் என்று குறுக்குங்கள்.

படி 3: தத்தகாரம் எழுதுவது

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். நம் சினிமாப் பாடலாசிரியர்கள் மெட்டுக்குப் பாட்டெழுதும்போது 'தன்ன நன்னா' என்று தத்தகாரம் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். அதே வேலைதான், ஆனால் இன்னும் கறாராக.

மூலப்பாட்டை 75 சதவீத வேகத்தில் ஓட விடுங்கள் (ரீப்பரில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம்). ஒவ்வொரு வரிக்கும் தாளில் நான்கு விஷயம் குறியுங்கள்: எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம், எந்த உயிர் நீள்கிறது, எங்கே மூச்சு. சரணம் ஒன்று, பல்லவி ஒன்று, இடையில் வரும் பாலம் ஒன்று எழுதினால் போதும். மற்றவை அவற்றின் நகல்தான். ஆனால் நகல் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இரண்டாம் சரணத்தில் பாடகர் ஓர் அசையைக் கூட்டியோ குறைத்தோ இருப்பார்.

'மை ஷரோனா' என்ற நான்கு அசையை எடுத்துக்கொள்வோம். மை-ஷ-ரோ-னா. அழுத்தம் 'ரோ'வில். தத்தகாரம்: தா-த-தா-னா. இதற்கு 'என் சமோசா' என்று தமிழில் போடலாம் என்று தோன்றும். ச-மோ-சா, ஓகாரமும் ஆகாரமும் ஷ-ரோ-னாவோடு அச்சாகப் பொருந்துகின்றன. சிக்கல் 'என்' என்பதில் இருக்கிறது. மூலப்பாட்டின் அடையாளமே 'ம்-ம்-ம்-மை' என்று திக்குவதுதான். உதட்டை மூடித் திறக்கும் மகரத்தால்தான் அந்தத் திக்கல் தாளமாக ஒலிக்கிறது. 'எ-எ-எ-என்' என்று உயிரில் திக்கினால் பாடகருக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். ஆகவே மகரத்தில் தொடங்கும் சொல் வேண்டும். 'மை' இரண்டு மாத்திரை அளவு. அந்த இடத்தில் இரண்டு குறில் உட்காரும். 'மொறு' போடுங்கள்:

ம்-ம்-ம்-மொறு சமோசா!

அசை ஒன்று கூடினாலும் காலம் கூடவில்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில மெட்டில் உட்கார வைக்கும்போது இந்த ஒரு குறுக்குவழி அடிக்கடி கைகொடுக்கும்: ஒரு நெடிலின் இடத்தில் இரண்டு குறில். மறுபக்கம், மெட்டில் இழுத்துப் பாடும் இடத்தில் 'பரோட்டா' மாதிரி வல்லினம் இரட்டித்த சொல் வந்தால் 'ட்' வந்து கதவைச் சாத்திவிடும், இழுக்க முடியாது. 'மை ஷரோனா'வில் அந்த அசை அதிகம் நீளாததால் பரோட்டாவும் தப்பிக்கும். மெதுவான பாட்டில் தப்பிக்காது.

அழுத்தத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ கூட விழும். தமிழ்ச் சொல்லில் காது முதலசையையும் நெடிலையும்தான் எதிர்பார்க்கும். மெட்டின் பலமான தட்டு 'சாப்பிடு' என்பதில் 'பி' மேல் விழுந்தால் கேட்பவருக்கு அது வேறு ஏதோ சொல்லாகக் கேட்கும். வரியை மாற்றுங்கள், "பாடிச் சமாளித்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். ரெக்கார்டிங்கில் சமாளிக்கவே முடியாது.

படி 4: வரிகள்

தேவை பன்னிரண்டு வரி என்றால் நாற்பது எழுதுங்கள். முதலில் வருகிற பத்து நகைச்சுவை எல்லோருக்கும் வருகிற பத்துதான்.

நமக்கு எதுகை மோனை கைப்பழக்கம். ஆனால் இந்தப் பாட்டுகளில் ஒலி ஒத்துப்போவது வரியின் கடைசியில். நம் யாப்பில் இயைபு என்போமே, அது. மூலத்தில் எந்தெந்த வரிகள் இயைபு பெறுகின்றனவோ அதே வரிகளில் நீங்களும் பெற வேண்டும். மூலப்பாட்டைத் தெரிந்தவரின் காது அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். எதுகை மோனை கூடவே வந்தால் வரட்டும், அதற்காக இயைபை விட வேண்டாம்.

சிரிப்புச் சொல் வரியின் கடைசிச் சொல்லாக இருக்கட்டும். "எண்ணெய் சொட்டுது என் லேப்டாப்பில்" என்றால் 'லேப்டாப்' கடைசியில் வருவதால் சிரிப்பு. "என் லேப்டாப்பில் சொட்டுது எண்ணெய்" என்றால் பாதியிலேயே காற்று போய்விடுகிறது. தமிழில் சொல்வரிசை இளகியது என்பதால் இந்த மாற்றம் சுலபம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்த வசதி இல்லை.

சரணத்துக்குச் சரணம் கிறுக்கு கூட வேண்டும். முதல் சரணத்தில் நாயகன் மாலை டீயோடு இரண்டு சமோசா சாப்பிடுகிறான், யாரும் செய்வதுதான். இரண்டாவதில் கல்யாணப் பத்திரிகையில் அதன் பெயரைப் போடுகிறான். மூன்றாவதில் நீதிமன்றம் வரை போகிறது. முதல் சரணத்திலேயே நீதிமன்றம் போய்விட்டால் மூன்றாவதுக்குப் போக்கிடம் இருக்காது.

பல்லவியை மாற்றாமல் மூன்று முறை பாடலாம். கடைசி முறை மட்டும் ஒரே ஒரு சொல்லைத் திருப்பிப் போடுங்கள்.

நீளம்: இரண்டரை நிமிடம். மூலப்பாட்டு ஐந்து நிமிடம் ஓடினாலும் நீங்கள் இரண்டரையில் நிறுத்த வேண்டும். நீளமான கிடார் தனி வாசிப்பை நான்கு பாராக (தாளச் சுற்றாக) குறுக்குங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். 'மை பொலோனா'வே இரண்டு நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதுதான்.

படி 5: இசையை மறுபடி கட்டுவது

மூலப்பதிவையோ இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்கையோ எடுத்து அதன் மேல் பாடாதீர்கள். கரோக்கி டிராக்குக்கும் உரிமையாளர் உண்டு. எல்லாவற்றையும் நீங்களே வாசியுங்கள்.

முதலில் வேகம். தட்டித் தட்டி அளக்கும் டேப் டெம்போ வசதியில் பல்லவி முழுக்கத் தட்டி சராசரி எடுங்கள். 'மை ஷரோனா' நிமிடத்துக்குச் சுமார் 147 தட்டு. அந்தக் காலப் பதிவுகள் பல கிளிக் (தாளம் காட்டும் தட்டொலி) இல்லாமல் வாசித்தவை, பல்லவியில் ஒன்றிரண்டு தட்டு வேகம் கூடும். உங்களுடையது ஒரே வேகத்தில் போகட்டும், குழப்பம் வேண்டாம்.

அடுத்தது ஆண்டு. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'எண்பதுகள்' என்று பெயரிட்ட ஒலிகளை எல்லாம் ஒரே பாட்டில் கொட்டுவார்கள். 1979 பாட்டில் யமஹா டிஎக்ஸ்7 மணி ஓசை வந்தால் காது தெரிந்தவர் முகம் சுளிப்பார், ஏனென்றால் டிஎக்ஸ்7 வந்ததே 1983இல். புரொஃபெட்-5 1978; ரோலண்ட் டிஆர்-808உம் லின் எல்எம்-1 டிரம் இயந்திரமும் 1980; சிம்மன்ஸின் அறுகோண மின்டிரம் 1981; ஜூனோ-60உம் லின்டிரமும் 1982. உங்கள் பாட்டின் ஆண்டுக்குப் பின் வந்த எதையும் தொடாதீர்கள். எல்எம்-1இல் கிராஷ் சிம்பலே கிடையாது; அந்த ஒலியைப் பின்பற்றும் டிரம் டிராக்கில் பல்லவிக்குப் பல்லவி சிம்பல் வெடித்தால் வேஷம் கலைந்துவிடும்.

டிரம்ஸ் இயந்திரம் என்றால் எல்லா நோட்டையும் நூறு சதவீதம் தாளக் கட்டத்தில் ஒட்ட வையுங்கள், ஸ்விங் (தாளத்தின் ஆட்டம்) பூஜ்யம். மனிதர் வாசித்த 1979 பாணி என்றால் கட்டத்திலிருந்து 5 முதல் 10 மில்லி செகண்ட் வரை விலக விடலாம்.

பேஸ் எட்டாம் நோட்டுகளாக, பிக் வைத்து, எல்லாம் கீழ்நோக்கிய அடியாக, பிரிட்ஜுக்கு அருகில். கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) 4:1. விரலால் வாசித்த உருண்டையான பேஸ் இந்தப் பாட்டுகளை உடனே ஜாஸ் ஆக்கிவிடும். கிடாருக்கு ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப், டிஸ்டார்ஷன் மிகக் கம்மி. 80க்குப் பிந்தைய பாட்டென்றால் கோரஸ் எஃபெக்ட் 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ் வேகத்தில். இடதுகையால் கம்பியை அமுக்கி நறுக் நறுக்கென்று வெட்ட வேண்டும்.

சின்த் லீடுக்கு சர்ஜில் ஒரே ஒரு சா அலை (ரம்பப் பல் வடிவ அலை), அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூஜ்யம், ரிலீஸ் (ஒலி அடங்கும் நேரம்) 50 மில்லி செகண்டுக்குள். நோட்டை விட்டதும் ஒலி நின்றுவிட வேண்டும். வால் நீண்டால் விறைப்பு போய்விடும்.

ஸ்நேரில் (டிரம் செட்டில் 'டக்' என்று ஒலிக்கும் டிரம்மில்) கேட்கும் அந்த 'டுஷ்' என்று வெடித்துச் சட்டென வெட்டுப்படும் ஒலிக்குக் கேட்டட் ரிவெர்ப் (வெட்டிய அறை எதிரொலி) என்று பெயர். பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் (1980) ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பொறியாளர் ஹ்யூ பேட்ஜம் முதலானோர் பிடித்தது. ஆகவே 1979 பாட்டுக்கு இது வேண்டாம், டிரம்ஸ் உலர்ந்தே இருக்கட்டும். 81க்குப் பிந்தைய பாட்டுக்கு இப்படிச் செய்யுங்கள்:

1. ஸ்நேரைத் தனி டிராக்கில் வையுங்கள். அதிலிருந்து ஓர் எஃபெக்ட் டிராக்குக்கு அனுப்புங்கள்.
2. எஃபெக்ட் டிராக்கில் ரூம் அல்லது பிளேட் ரிவெர்ப், டிகே (எதிரொலி தேய்ந்து மறையும் நேரம்) 1.5 முதல் 2 நொடி. ஈரம் 100 சதவீதம்.
3. ரிவெர்ப்புக்குப் *பிறகு* நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் அடைத்துவிடும் எஃபெக்ட்). அதைத் திறக்கும் சமிக்ஞை உலர்ந்த ஸ்நேரிலிருந்து வர வேண்டும், அதாவது சைட்செயின்.
4. ஹோல்ட் (கேட் திறந்திருக்கும் நேரம்) 150 முதல் 250 மில்லி செகண்ட், ரிலீஸ் 10 முதல் 20.

கேட்டை ரிவெர்ப்புக்கு முன்னால் போட்டால் எதுவும் வெட்டுப்படாது, வால் நிம்மதியாக நீளும். சைட்செயின் போட மறந்தால் கேட் ரிவெர்ப்பின் அளவைப் பார்த்துத் தடுமாறி, ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு நீளத்தில் ஒலிக்கும். ஹோல்ட் ஒரு கால் நோட்டைத் தாண்டக் கூடாது. 147 வேகத்தில் ஒரு கால் நோட்டு 408 மில்லி செகண்ட், எனவே 250 தாராளம்.

படி 6: குரல்

மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதியுங்கள். அறை எதிரொலித்தால் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். (குளியலறை வித்தை அக்கார்டியனுக்குச் சரி, இத்தனை டிராக்குகளுக்கு நடுவே அந்த எதிரொலி வரிகளை விழுங்கிவிடும்.)

நம் ஊர்க் குரலுக்கு ஒரு தனி எச்சரிக்கை: கமகம் வேண்டாம். கர்நாடக இசையோ மெல்லிசையோ பழகியவர்கள் தங்களை அறியாமலே ஒவ்வொரு நீண்ட நோட்டின் முடிவிலும் ஒரு சின்ன வளைவு போடுவார்கள். நியூ வேவ் குரலில் நோட்டு நேராகப் போய், சுவரில் முட்டினாற்போல நிற்கும். அதிர்வும் இல்லை, வளைவும் இல்லை. நடுவில் ஒரு விக்கல் வரலாம். சரணத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

மெய்யெழுத்துகளை முழுதாகச் சொல்லுங்கள். பேச்சில் தேய்ந்துபோகும் சொல்முடிவுகள் இங்கே தேயக் கூடாது. சரணத்தை ஒற்றைக் குரலில் மட்டும் பாடுங்கள். இரண்டு குரல் அடுக்கினால் மெய்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து சொல் கலங்கும். பல்லவியில் அடுக்கலாம், அது ஏற்கெனவே தெரிந்த சொல்தானே.

எதிர்க்குரல் வேண்டுமானால் உண்மையிலேயே வேறொருவரைப் பாட வையுங்கள். டோனி பேசிலின் 'மிக்கி'யை யாங்கோவிக் 1983இல் 'ரிக்கி' ஆக்கி, பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கணவன் மனைவி உரையாடலாக்கியபோது, மனைவியின் பங்கைத் தானே கீச்சுக்குரலில் செய்யவில்லை. டிரெஸ் மெக்நீல் என்ற குரல் நடிகை பாடினார். அந்த வித்தியாசம் கேட்கும்.

படி 7: மிக்ஸ், பிறகு ஒரு சோதனை

சாதாரணப் பாட்டில் குரல் இருக்கும் அளவைவிட 2, 3 டெசிபல் மேலே வையுங்கள். கிடாரிலும் சின்த்திலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் குறையுங்கள். மெய்யெழுத்துகள் வாழும் இடம் அது. குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். எதிரொலி டிலே 100 மில்லி செகண்ட் அளவில், மெல்லிசாக. மொத்தச் சத்தம் யூட்யூபுக்கு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அருகில் இருந்தால் அங்கே மேலும் குறைக்கப்படாது.

பாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, வரிகளைக் காட்டாமல், ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். சிரிப்புச் சொற்களில் ஒன்றை அவர் தவறாக எழுதியிருந்தால் குரலை இன்னும் ஏற்றாதீர்கள். அந்த வரி மெட்டில் உட்காரவில்லை என்று பொருள். படி 3க்குத் திரும்பிப் போய்ச் சொல்லை மாற்றி, அந்த வரியை மட்டும் மறுபடி பதியுங்கள்.

வீடியோ எடுத்தால்

சுருக்கமாக: 4:3 சட்டம், ஒரே ஒரு கடினமான விளக்கு, சுவரில் ஜன்னல் சட்டங்களின் நிழல், அசையாத கேமரா, அசையாத முகம். எம்டிவி 1981 ஆகஸ்டில் தொடங்கிய புதிதில் வந்த வீடியோக்களைப் பத்துப் பார்த்தால் இலக்கணம் பிடிபட்டுவிடும். புகையும் புறாவும் பொருளில்லாத குறியீடுகளுமாக அந்த வீடியோக்கள் ஓடியதை அப்போதே பிபிசியின் 'நாட் தி நைன் ஓ கிளாக் நியூஸ்' நிகழ்ச்சி நன்றாக நக்கலடித்திருக்கிறது. டீவோவின் சிவப்பு அடுக்குத் தொப்பியை மட்டும் தொடாதீர்கள். நாற்பது வருடமாக எல்லோரும் போட்டுத் தேய்ந்துவிட்டது.

படி 8: உரிமை

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி மற்றொன்று. எல்லாவற்றையும் நீங்களே வாசித்திருந்தால் இரண்டாவது பிரச்சினை இல்லை. முதலாவது இருக்கிறது.

அமெரிக்காவில் 1994இல் உச்ச நீதிமன்றம் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், காசுக்கு விற்கும் நையாண்டியும் நியாயமான பயன்பாடாக இருக்க முடியும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கோடு போட்டது: மூலப்பாட்டையே கிண்டல் செய்வதற்கு வலு அதிகம், மூலப்பாட்டை வெறும் வண்டியாக்கி வேறெதையோ கிண்டல் செய்தால் வலு கம்மி. நம் சமோசாப் பாட்டு இரண்டாவது வகையில்தான் விழும். இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல் நையாண்டிக்கும் பாணி நகலுக்கும் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது; கனடாவில் 2012 முதல்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகிறது. நையாண்டி என்று தனியாகச் சொல்லவில்லை. கவர் வெர்ஷனுக்கான 31சி பிரிவு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். உதவாது. அது வரியையும் இசையையும் மாற்றாமல் பாடுவோருக்கானது, அதுவும் மூலப்பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகு. காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் பாட்டின் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பதிப்பாளர் யார் என்பதை ஆஸ்கேப், பிஎம்ஐ ஆகிய அமெரிக்கச் சங்கங்களின் இணையத் தேடலில் பாட்டின் பெயரைப் போட்டுக் காணலாம். சட்டம் தன் பக்கம் இருக்க வாய்ப்பிருந்தும் யாங்கோவிக் மூலக்கலைஞரிடம் கேட்டுச் செய்வதையே வழக்கமாக வைத்திருக்கிறார். பாணி நையாண்டிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது.

யூட்யூபின் தானியங்கித் தேடுமுறையான கன்டென்ட் ஐடி பதிவை மட்டுமல்ல, மெட்டையும் சில சமயம் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் வருவது உரிமைக் கோரிக்கைதான்: வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். அதைப் பார்த்துப் பதறி வீடியோவை அழிக்க வேண்டியதில்லை. மறுப்புத் தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது, ஆனால் கோபத்தில் அதை அழுத்தாதீர்கள். மறுப்பு தள்ளுபடியாகி மேல்முறையீடும் தோற்றால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை எச்சரிக்கை) விழலாம்; 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போகக்கூடும். தலைப்பில் 'நையாண்டி' என்று போடுங்கள், மூலப்பாட்டின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் விளக்கத்தில் கொடுங்கள், முகப்புப் படத்தில் மூல ஆல்பத்தின் அட்டையைப் போடாதீர்கள். வரிகளைத் தமிழில் சப்டைட்டிலாக ஏற்றும்போது சிரிப்புச் சொல் பாடுவதற்கு முன்பே திரையில் வந்துவிடாதபடி ஒவ்வொரு வரியின் நேரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள்.